பீரோவுக்குள் பூட்டிய மோடம்

அம்சவல்லியின் வீட்டில் இணையம் இரும்பு பீரோவுக்குள் குடியிருந்தது. பீரோவின் பின்தகட்டில் துளை போட்டு, கம்பிகளை உள்ளே விட்டு, பட்டுப்புடவை வைக்கிற தட்டில் மோடத்தை வைத்துப் பூட்டியிருந்தான் அவள் கணவன் மதிவாணன். சாவி அவனுடைய பைக் சாவிக் கொத்தோடு ஷிஃப்டுக்குப் போய், ஷிஃப்ட் முடிந்து திரும்பி வரும். இரும்பைத் தாண்டி வைஃபை பாதிதான் வெளியே கசியும். அந்தப் பாதியும் அம்சவல்லியின் லேப்டாப்புக்கு மாலை ஏழிலிருந்து எட்டு வரைதான், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்.

இத்தனைக்கும் அந்த மோடத்தின் சங்கதி முதலில் தெரிந்தவள் அவள்தான். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கூலிக்காரர்களின் மகள். அவள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். கணினி அறிவியலில் பட்டம் வாங்கிய ஆறாவது மாதம் கல்யாணம். மாப்பிள்ளை நெய்வேலியில் அனல் மின் நிலையத்தில் பர்மனென்ட் என்ற ஒரு சொல் வந்த பிறகு, அவள் படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

2011-இல் அவர்களுடைய குவார்ட்டர்ஸுக்கு மோடம் வந்தது. இணைப்புக் கொடுக்க வந்தவர் பச்சை விளக்கு எரிந்ததும் போய்விட்டார். மீதியை அம்சவல்லி செய்தாள். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் மோடம் ஓர் எண் கொடுக்கும், அதுதான் ஐ.பி. முகவரி. அது நாளுக்கொன்றாக மாறாமல், இன்ன கருவிக்கு இன்ன எண் என்று நிலையாகவும் எழுதிவைக்கலாம். மதிவாணனின் கம்ப்யூட்டருக்கு 192.168.1.2 என்று எழுதினாள். அவன் போனுக்குக் கடைசி எண் 3. கல்லூரிக் காலத்தில் அவள் அப்பா வாங்கித் தந்த பழைய லேப்டாப்புக்கு 10. எந்த எண்ணுக்கு வழிவிடுவது, எந்த எண்ணை எப்போது நிறுத்துவது என்று பார்க்கிற காவல்காரன் ஃபயர்வால். அதையும் அவள்தான் கணவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

சொல்லிக்கொடுத்த காரணம்தான் மோசம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆபிதாவுக்கு அவள் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாள். பட்டியலில் தெரியாத ஓர் எண்ணை மதிவாணன் பார்த்துவிட்டான்.

"இது யாரு, பதினொண்ணு?"

"ஆபிதாதாங்க. அவங்க அக்கா சவுதில இருக்காங்க. பேசணும்னு கேட்டா."

"நம்ம வூட்டு லைன்ல ஊரே பேசுமா? பிளாக் பண்ணு. நான் பாக்கறேன், ஒவ்வொண்ணா சொல்லிக்கினே பண்ணு."

சொல்லிக்கொண்டே செய்தாள். அவன் ஒவ்வொரு படியையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டான். ஆபிதாவிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் அதே படிகளை அவள் லேப்டாப்பின் 10-ஆம் எண்ணுக்கு, மாலை ஏழிலிருந்து எட்டு வரை தவிர என்று, அவன் தானே செய்தான்.

அம்சவல்லி லேப்டாப்பின் எண்ணை 4 என்று மாற்றிப்பார்த்தாள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அவன் கண்டுபிடித்து, கருவியைத் தயாரிக்கும்போதே அதில் பதிந்து வருகிற வேறோர் எண் உண்டு என்று எங்கோ படித்து, அதோடு தடையைக் கட்டினான். பிறப்போடு வந்த அடையாளத்தைப் பார்த்து வாசலில் நிறுத்தும் வித்தையை இந்த நாட்டில் யாருக்கும் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மோடத்தின் பாஸ்வேர்டும் மாறியது. மோடம் பீரோவுக்குப் போனது.

அப்புறம் எல்.சி. புத்தகம் வந்தது. மின் நிலையத்தில் ஓர் இயந்திரத்தில் கை வைக்குமுன் 'லைன் கிளியர்' என்ற அனுமதி வாங்க வேண்டும். என்ன வேலை, எவ்வளவு நேரம், கேட்பவர் கையெழுத்து, கொடுப்பவர் கையெழுத்து என்று கட்டங்கள் இருக்கும். வேலை செய்தவர் முடித்துவிட்டேன் என்று கடைசிக் கட்டத்தில் எழுதித் திருப்பிக் கொடுக்கும்வரை வேறு யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. உள்ளே கை விட்டிருப்பவனின் கை போய்விடக்கூடாது என்பதற்காகப் பிறந்த விதி அது. மதிவாணன் அதே கட்டங்களை ஒரு நீள நோட்டில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். அந்த ஒரு மணி நேரத்திலும் இணையம் வேண்டுமென்றால் அம்சவல்லி எழுதிக் கேட்க வேண்டும். 'வடகறி செய்முறை, பத்து நிமிடம்.' அனுமதி. 'கல்லூரித் தோழிக்கு மெயில்.' ஐந்து நிமிடம் போதும்.

அவன் குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான். குவார்ட்டர்ஸ் முழுக்க அவனுக்குத் தங்கமான பையன் என்று பெயர். அடிக்காததாலேயே இதைக் கொடுமை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கொடுமைதான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

பீரோ பூட்டப்படுவதற்கு முன்பே அவள் ஓர் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். 2012-இல் தேர்வு நாள் வந்தது. நுழைவுச்சீட்டு தபாலில் வராது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் இணையத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை புத்தகத்தில் எழுதினாள்: 'நுழைவுச்சீட்டு எடுக்க, பத்து நிமிடம்.'

"எதுக்கு இந்தப் பரிச்ச? நான் பர்மனென்ட். என் பொண்டாட்டி பஸ்ஸுல தொங்கிக்கினு ஆபீஸ் போகணுமா?"

"எழுதிட்டு மட்டும் வந்துடறேங்க. பாஸ் ஆனாதானே வேல."

"ஆனாதானேன்னு நீயே சொல்ற. அப்புறம் எதுக்கு எழுதணும்?"

'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மந்தாரக்குப்பத்தில் பிரௌசிங் சென்டர்கள் இருந்தன. ஆனால் மாமியார் சாமியம்மாள் துணையில்லாமல் அம்சவல்லி குவார்ட்டர்ஸ் இருந்த டவுன்ஷிப்பைத் தாண்டியதில்லை. மேலும் தமிழ்நாடே மின்வெட்டில் கிடந்த ஆண்டு அது. மந்தாரக்குப்பத்தில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. டவுன்ஷிப்பில் மட்டும் விளக்கு அணையாது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு மண்ணைக் கொடுத்த ஊர்கள் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த அணையாத மின்சாரத்தில்தான் அவளுக்கு ஒரு வழி தென்பட்டது. மின்சாரம் போய் வந்தால் அந்த மலிவு மோடத்தின் கடிகாரம் எல்லாவற்றையும் மறந்துவிடும். நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று புதிதாக ஓடத் தொடங்கும். மோடம் வந்த புதிதில் அவள்தான் அதற்கு நேரம் வைத்தாள். நெய்வேலியில் கரண்ட் போகாததால் மதிவாணனுக்கு இது தெரியவே இல்லை. மோடம் எதை மாலை ஏழு என்று நினைக்கிறதோ அப்போதுதான் அவள் லேப்டாப்புக்குக் கதவு திறக்கும். வியாழன் பகல் ஒரு மணிக்கு வீட்டு மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றினால், பத்தொன்பது மணி நேரம் கழித்து, வெள்ளி காலை எட்டு மணிக்கு மோடத்துக்கு மாலை ஏழு. அந்த வாரம் அவனுக்குக் காலை ஷிஃப்ட். ஆறிலிருந்து இரண்டு வரை வீட்டில் இருக்கமாட்டான். விரல்விட்டு மூன்று முறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

வியாழன் ஒரு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி மெயினை இறக்கினாள். ஃபேன் நின்றது. கூடத்தில் படுத்திருந்த சாமியம்மாள் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னாடி இது, கரண்ட்டா போச்சு? நெய்வேலிலயா? ராகு காலம் ஒன்றரைக்குத்தானே, அதுக்குள்ளயே எழவு வந்துடுச்சா?"

"வந்துடும் அத்த."

முப்பது எண்ணி மெயினை ஏற்றினாள். ஸ்டூலை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

அன்று மாலை மதிவாணன் நல்ல மனநிலையில் இருந்தான். "அம்சா, லேப்டாப்ப எடு. தங்கச்சி வளைகாப்பு போட்டோ அனுப்பியிருக்கா. அம்மாவுக்குக் காட்டு."

இதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள். மணி ஏழு, ஆனால் மோடத்துக்கு அப்போது காலை ஆறு. எதுவும் வரவில்லை. அவன் தன் கம்ப்யூட்டரில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தான்.

"இன்னிக்கு ரெண்டாயிரமாவது வருசம் ஜனவரி ஒண்ணாம்" என்றான். "அம்மா, மத்தியானம் கரண்ட் போச்சா?"

"ஆமாண்டா. ஒரு மணிக்கு போச்சு, ஒடனே வந்துடுச்சு."

அவன் பிளான்ட்டில் ஷிஃப்டிலிருந்த கோபாலகிருஷ்ணனுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் சிரிப்புச் சத்தம் வந்தது. "டவுன்ஷிப்புக்கு கரண்ட் போச்சாவா? யோவ் மதி, உன் வூட்டு சண்டைக்கெல்லாம் யூனிட்டு நிக்காதுய்யா. வூட்டு மெயினப் பாரு."

மதிவாணன் கத்தவில்லை. எல்.சி. புத்தகத்தை எடுத்து எழுதினான்: '13.00 மணி. அனுமதியின்றி மின் துண்டிப்பு.' பேனாவை நீட்டினான். அவள் கையெழுத்துப் போட்டாள். மோடத்தின் நேரத்தைச் சரிசெய்தான். மாலை ஏழு மணி வழியையும் அடைத்தான். மெயின் பெட்டிக்குச் சின்னதாக ஒரு பூட்டுப் போட்டான்.

"பூட்டுப் போட்டவன்தான் தொறக்கணும். அதான் ரூலு."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி வந்தது, போனது. ஜன்னல் வழியாக ஆபிதா துணி உலர்த்துவது தெரிந்தது. ஆபிதா வீட்டில் இப்போது சொந்த இணைப்பு இருந்தது. அந்தத் தடைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். வானத்தில் இல்லாத ஒரு கிரகத்துக்குப் பயந்து சாமியம்மாள் அந்த ஒன்றரை மணி நேரம் வாசற்படி தாண்டமாட்டார். அந்த இல்லாத கிரகத்தால் ஒரு மனுஷிக்கு உதவி கிடைத்தது அன்றுதான். பத்தரை ஆனதும் அம்சவல்லி செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போற? ராகு காலம் பொறந்துடுச்சு!"

"பொறக்கட்டும் அத்த."

"நில்லுடி! நான் படி தாண்ட மாட்டேன்னு பாத்துக்கினுதானே போற!"

"ஆமா அத்த."

ஆபிதா கதவைத் திறந்து, அதைப் பிடித்தபடியே நின்றாள். "என்னக்கா, பாஸ்வேர்டு மாத்திட்டேன்னு சொல்ல வந்தீங்களா? ஒரு வருசம் லேட்டு."

"நான்தான் ஒன்ன நிறுத்தினேன் ஆபிதா. சொன்னது அவரு. செஞ்சது என் கை."

"அன்னிக்கு எங்க அக்காவுக்குப் பிரசவம். பகல் பூரா அந்த வட்டம் சுத்துறதையே பாத்துக்கினு உக்காந்திருந்தேன்."

அம்சவல்லி படியை விட்டு இறங்கவில்லை.

"சரி, இப்ப என்ன?"

சொன்னாள். பீரோ, புத்தகம், மெயின் பூட்டு, மாலைக்குள் எடுக்க வேண்டிய சீட்டு, எல்லாம்.

"மோடத்த பீரோல வெச்சா, நகைய எங்கக்கா வெக்கிறாரு?" ஆபிதா கதவை விட்டாள். "செருப்ப கழட்டிட்டு வாங்க. பாஸ்வேர்டு தரமாட்டேன். நானே அடிச்சுத் தரேன்."

நுழைவுச்சீட்டு திரையில் வந்தது. ஆபிதாவின் தம்பி ஹாமித் மந்தாரக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். ஆபிதா மெயிலில் அனுப்பியதை, கரண்ட் வந்தபோது அச்செடுத்தான். சனிக்கிழமை ஆபிதா மதில்மேல் ஒரு புதினாக் கட்டை வைத்துவிட்டுப் போனாள். சீட்டு அதற்குள் மடிந்திருந்தது.

ஞாயிறு. தேர்வு விருத்தாசலத்தில், பத்து மணிக்கு. மதிவாணன் ஐந்தரைக்கே ஷிஃப்டுக்குப் போயிருந்தான். அம்சவல்லி எல்.சி. புத்தகத்தைத் திறந்து புது வரியில் எழுதினாள்: 'தேர்வு. ஏழு மணி நேரம்.' கேட்பவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். கொடுப்பவர் கட்டத்திலும் அதே கையெழுத்தைப் போட்டாள்.

சாமியம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "அவன் வந்து கேட்டா நான் இன்னாடி சொல்றது?"

"புக்குல எழுதி வெச்சிருக்கேன் அத்த."

"எனக்குப் படிக்கத் தெரியாதேடி."

"அவருக்குத் தெரியும்."

சாமியம்மாள் ஒதுங்கவில்லை. அவர் தோளுக்கும் நிலைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் பக்கவாட்டாக நுழைந்து அம்சவல்லி படியிறங்கினாள்.

மாலையில் அவள் திரும்பி வரவேண்டிய வீடும் அதுதான். பீரோ பூட்டியே இருந்தது, மெயின் பெட்டியும் பூட்டியே இருந்தது. மேஜைமேல் புத்தகம் விரிந்து கிடந்தது. வேலை முடிந்தது என்று கடைசிக் கட்டத்தில் எழுதும்வரை வேறு யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. அந்தக் கட்டத்தை மட்டும் அவள் காலியாக விட்டுப் போயிருந்தாள்.