மயிலாடியில் மட்டும் பெய்த மழை

இந்த வருஷம் எங்கள் கல்லூரி சயன்ஸ் சங்கத்துக்கு ஓர் ஆசை வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு மழையை அளந்து, கடலோர ஊருக்கும் மேற்கே மலையோர ஊருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கொட்டாரம், மயிலாடி, சிதறால் மூன்றிலும் ஒவ்வொரு மழைமானி வைத்து, அளவெடுக்கச் சொல்லிக்கொடுத்தோம். அடுத்த வருஷம் இந்த வேலைக்குக் கிளம்பப்போகிற புண்ணியவான்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஐப்பசி பிறந்தும் வானம் வெளிறிக் கிடந்தது. கொட்டாரத்திலும் சிதறாலிலும் சொட்டு மழை இல்லை. மயிலாடியில் மட்டும் வெள்ளிக்கிழமை ஓர் அங்குலம், செவ்வாய்க்கிழமை முக்கால், அடுத்த வெள்ளி மறுபடி ஓர் அங்குலம். தண்ணீர் மஞ்சளாக இருந்தது என்று வேறு குறிப்பு. சிற்பிகள் ஊராயிற்றே, கல்தூசியாக இருக்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மயிலாடிக்குத் தனி மேகம் உண்டு என்று ஒரு கட்டுரையே ஆரம்பித்துவிட்டேன். அந்த ஊர் சயன்ஸ் வாத்தியாருக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அளவெடுத்த நான்காம் பாரத்து மாணவி செல்லம்மை பொய் எழுதுகிறாள், வெள்ளிக்கிழமை பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயரை அடிக்கப்போகிறேன், மழைமானியை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் அந்தோணியும் வடசேரியில் காலை ஐந்தரை மணி பஸ் பிடித்தோம். ஏழு மைல், மூன்றணா. அந்தோணி கடற்கரைக்காரன், என் வகுப்பு. எதற்குப் போகிறோம் என்று கண்டக்டர் கேட்டார். சொன்னோம்.

"மழையே இல்ல, எத அளக்கப் போறிய?"

மயிலாடியில் பெய்கிறதாம் என்றேன்.

"ராத்திரி நான் கெடந்தது மயிலாடியிலதான்" என்றபடி டிக்கெட்டைக் கிழித்தார்.

மழைமானி ஆடாமல் நிற்க ஒரு கல் போதும் என்றுதான் பட்டறை ஆசாரியிடம் கேட்டிருந்தோம். மயிலாடிக் கைக்கு வெறும் கல் வெட்ட மனசு வருமா? தாமரை இதழ் விரிந்த பீடமே செய்து தந்துவிட்டார். நாங்கள் போனபோது அதன்மேல் எங்கள் செப்பு மழைமானி குங்குமப் பொட்டோடு, செம்பருத்தி சூடி நின்றது. ஈரத்தலையோடு பெண்கள் வரிசையில் வந்து அதில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என் தனி மேகம் அப்போதே கலைந்துவிட்டது.

இதென்ன என்று முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

"மழைக்கு வச்சதுன்னு நீங்கதானே சொன்னிய? நெழலு விழப்பிடாது, யாரும் தொடப்பிடாது, காலம்பற தவறாம வந்து பாக்கணும்னிய. பிறவு வெறுங்கையோட வரவா?"

நாங்கள் போட்ட நிபந்தனைகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடக் கருவிக்குப் போட்டதுபோல் இல்லை. எங்கள் ஊரில் என்றால் மெழுகுவர்த்தியும் ஏற்றியிருப்பார்கள் என்றான் அந்தோணி.

வாத்தியார் வந்து சேர்ந்தார். பின்னாலேயே செல்லம்மை, அழுத கண்ணோடு. பீடத்தைப் பார்த்தாள், பெண்களைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"கண்டத மட்டும் எழுதுன்னு சொன்னிய அண்ணே. கண்டேன், எழுதினேன்."

எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஆனால் மழைமானியை எடுத்தால் மழையை விரட்டிய பழி எங்கள் தலையில் விழும். விட்டுவைத்தால் வாரம் இரண்டு நாள் மஞ்சள் மழை. செல்லம்மைதான் வழி சொன்னாள்: பக்கத்தில் இன்னொரு பீடம், அதன்மேல் ஒரு செப்புக் குடம், ஊற்றுகிறவர்கள் அதில் ஊற்றட்டும். புதுப் பீடத்தில் ஓர் இதழும் குறையக்கூடாது என்ற நிபந்தனையோடு பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். அவள் பெயரும் அடிபடாமல் தப்பியது.

ஆகவே மயிலாடிக்குப் போகிறவர்கள் முதலிலேயே இரண்டு பீடத்துக்குச் சொல்லிவிடுங்கள். மஞ்சள் என்று ஒரு பிள்ளை எழுதினால் மஞ்சள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பஸ்ஸிலேயே போய்விடுங்கள், பிந்திப் போனால் பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாது.

போன வெள்ளிக்கிழமை நானும் அப்படித்தான் போனேன். மழை இன்னும் வந்தபாடில்லை, வாத்தியார் வீட்டுக் கிணறும் வற்றிவிட்டதாம். ஈர வேட்டியும் கையில் செம்புமாக இரண்டு பீடங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். என்னை அவர் கவனிக்கவில்லை.

"மக்கா, எதுல ஊத்தணும்?" என்று மெல்லக் கேட்டார்.

செல்லம்மை இடது பக்கத்துக் குடத்தைக் காட்டினாள். அவர் ஊற்றிக் கும்பிட்டு முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு வலது பக்கம் குனிந்து பார்த்து எழுதினாள்: மழை இல்லை.