திரையின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை

வண்டன்மேட்டில் எங்கள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்வது என் மனைவி. சூடு கூடினால் காயின் பச்சை போய்விடும். அடுப்புச் சூட்டைக் கொண்டுவரும் குழாய்ப் பக்கம் கையை நீட்டியே அவள் சூட்டைச் சொல்லிவிடுவாள். கம்ப்யூட்டர் படித்த மகள் அதற்கு ஒரு செல்போன் செயலி எழுதினாள். கட்டைவிரல் அளவு சென்சாரை ஸ்டோருக்குள் கதவோரம் ஓர் ஆணியில் மாட்டினாள். சூடு குறைந்தால் அம்மாவின் போனில் மணி அடிக்கும்.

ஆடி மழையில் அது கண்டபடி அடித்தது. அடித்தபோதெல்லாம் மனைவி பின்கட்டிலிருந்தே விறகு போடச் சொன்னதில் இரண்டு தடவை காய் மஞ்சள் தட்டிவிட்டது.

"சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் கழட்டி எடுத்துட்டுப் போயிரு" என்றாள் மனைவி. மகள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

செயலி தான் செய்வதையெல்லாம் உள்ளுக்குள் குறித்துக்கொண்டுதான் இருந்ததாம். ஆனால் லேப்டாப்பில் வயர் போட்டு இணைத்தால்தான் அது தெரியும். செவ்வாய் மாலை அந்தக் குறிப்புகள் போன் திரையிலேயே தெரியும்படி மாற்றினாள். அடியில் ஒரு கறுப்புப் பட்டை. அதில் வெள்ளை எழுத்தில் வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் மணி, நிமிடம், நொடி.

பல வருடங்களாக மழையையும் மின்வெட்டையும் நோட்டில் குறித்துவரும் எனக்கு அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"தேதி எங்கம்மா?"

"அப்பா, இது டெஸ்டுக்கு. நூறு வரி ஆனா பழசு அழிஞ்சிரும். ஒங்க டைரி இல்ல."

அழிந்துவிடுமா? நோட்டை எடுத்துவந்து, தேதி போட்டு, நாளுக்கு ஒரு பக்கமாக நகல் எடுக்க ஆரம்பித்தேன். வெள்ளி மாலை மூன்று பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தேன். சூடு சரிந்தது புதன் 10:04, வியாழன் 10:06, வெள்ளி 10:03. மூன்று நாளும் பத்தே காலுக்கெல்லாம் தானாக ஏறியிருந்தது.

பத்து மணி எங்களுக்குச் சாயா நேரம். அப்போது மனைவி பின்கட்டில் எல்லோருக்கும் சாயா போட்டுக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை மூவரும் ஸ்டோருக்குள் காத்திருந்தோம். தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்கள் மழையிலிருந்து சாயாவுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவள் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் தாளை உதறி, கதவோரம் கையை நீட்டி அந்த ஆணியில் மாட்டினாள். அதன்மேல் இன்னும் நான்கு ஈரத் தாள்கள். சென்சார் மறைந்துபோனது. போன் மணி அடித்தது.

"ஏண்டி, வேற எடமே கெடைக்கலயா ஒனக்கு?"

"ஆணி சும்மாதானம்மா இருந்துச்சு."

"சும்மா எவன்டி செவுத்துல ஆணி அடிப்பான்?" சொல்லிவிட்டு மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாயா தளும்பியது.

முன்னால் வந்தவள் திரையை எட்டிப் பார்த்தாள். "நாங்க சாயா குடிக்க வந்ததக்கூட எழுதிருச்சாம்மா?"

"நீ திரும்பிப் போக லேட்டாக்குனாலும் எழுதும்" என்றாள் மனைவி.

எதிர்ச்சுவரில் சென்சாருக்குப் புது ஆணி அடித்தோம். மறுநாள் காய் பச்சையாகவே இறங்கியது. இனி அந்தக் கறுப்புப் பட்டை வேண்டாம், எடுத்துவிடுகிறேன் என்றாள் மகள்.

"தொட்டேன்னா பாரு" என்றாள் மனைவி. "அது பாட்டுக்கு இருக்கட்டும். அப்பாவுக்குத் தேதியும் சேத்துக் குடு."