வாயில் அடக்கிய கொயினா

கவலைப்படாதே என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னவர்கள். அந்தக் காலத்திலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். வேதக்கோவிலில் சாட்சி சொல்லச் சொல்லி என்னை எழுப்பிவிடுகிறார்கள். எழுந்து நின்றால், "அம்மா, சுருக்கமா, சந்தோஷமா முடிச்சிருங்க" என்று காதோரம் வந்து சொல்கிறார்கள். சந்தோஷமாக முடிக்க அது என்ன கல்யாண விருந்தா? போன தடவை பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும். ஆகட்டும். காகிதம் என்னைச் சுருக்கச் சொல்லாது.

பெக்கோக் ஊருக்கு உள்ளே, மலையடிவாரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டம். எனக்கு முப்பது வயது ஆகவில்லை. பால்மரம் வெட்டும் வேலை. கப்பலில் வந்து இறங்கியபோது நாங்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், என் இடுப்பில் ஒரு பையன். மகள் தோட்டத்தில் பிறந்தாள். அவள் பிறந்த வருஷமே மழைக்காலத்துக் காய்ச்சலில் வீட்டுக்காரர் போனார். ஒன்பதாம் நாள் பையனும் போனான். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அடுத்த நாள் விடிவதற்கு முன் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்தார்கள், போய் நின்றேன்.

"கர்த்தருடைய சித்தம்மா" என்றார்கள். சித்தமென்றால் அவரே வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று மனசுக்குள் நினைத்தேன். இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

மிஞ்சியது அந்த ஒரே பெண். அவளுக்கு நாலு வயது ஆகும்போது நான் மனுஷியாகவே இல்லை. ஒரு மரத்தை வெட்டிக் கோப்பையைச் சரிசெய்து அடுத்த மரத்துக்கு நடப்பதற்குள் அவள் கழுத்து இப்போது சுடுகிறதோ என்று ஒரு பயம் வரும். அந்த மரத்தை வெட்டினால் அதற்கடுத்த மரத்துக்குள் இன்னொரு பயம். கவனம் தப்பிக் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிடும். மரத்தைக் காயப்படுத்தினேன் என்று வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவேன். அது என்ன ஜெபம்? பயந்ததையே திரும்பத் திரும்பச் சொல்வது. எழுந்திருக்கும்போது உட்கார்ந்ததைவிட அதிகம் பயந்திருப்பேன்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஆஸ்பத்திரி டிரசர் ஒரு வாளியும் தகர டம்ளருமாக வருவார். காய்ச்சல் வராமலிருக்க ஆளுக்கு ஒரு மடக்குக் கொயினாத் தண்ணீர். அந்தக் கசப்பு, குடித்தவர்களுக்குத்தான் தெரியும். மத்தியானக் கஞ்சியிலும் அது நாக்கில் நிற்கும். துப்பிவிடுவார்கள் என்று டிரசர் ஒவ்வொருவரையும், "வாயைத் தொற, நாக்கைத் தூக்கு" என்று பார்ப்பார், சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல. என்னை மட்டும் பார்க்க மாட்டார். "நீ வேதக்காரி. உன்னை நம்புறேன்" என்று தாண்டிப் போய்விடுவார்.

அந்த நம்பிக்கையைத்தான் நான் திருடினேன்.

பெரியவர்களுக்கெல்லாம் மருந்து, என் பிள்ளைக்கு மட்டும் ஒன்றுமில்லையே என்று எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். கேட்டேன். "காய்ச்சல் வந்தா கொடுப்போம், போ" என்றார் டிரசர். வந்த பிறகு கொடுத்துத்தானே என் வீட்டில் இரண்டு பேர் மேட்டுக்குப் போனார்கள்? மறுநாளிலிருந்து என் பங்கை நான் விழுங்கவில்லை. வாயிலேயே அடக்கிக்கொண்டேன். அப்படியே நின்று, பெரட்டு கலைந்ததும் ஆயாக் கொட்டகைக்கு நடப்பேன். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் இடம் அது. பெரட்டுக்கு முன்பே மகளை அங்கே படியில் உட்கார வைத்திருப்பேன். கொட்டகைக்குப் பின்னால் பேசாமலே கூட்டிப்போய், ஒரு சிரட்டையில் துப்பி, ஒரு சிட்டிகைச் சீனி போட்டு, மூக்கைப் பிடித்து அவளுக்குக் கொடுப்பேன். பிள்ளை அழுவாள். அழுதால் அழு, உயிரோடு இரு என்று கொடுத்தேன்.

டிரசர் ஊற்றிய பிறகுதான் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பேர் வாசிப்பார். எல்லாரும் "இருக்கேன்" என்பார்கள். நான் கையை மட்டும் தூக்குவேன்.

"ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பார் கிராணி. வரிசை சிரிக்கும். "மகாராணி வாயத் தொறந்தா முத்து கொட்டிருமாம்லா" என்று பின்னாலிருந்து ஒருத்தி சேர்த்துக்கொள்வாள். கசப்பு தொண்டைக்குள் வழிய, கண்ணில் தண்ணீர் நிற்க, நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். நான் தலைகுனிந்தவள் இல்லை. அன்றைக்கும் குனியவில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு பிள்ளை வாந்தியெடுக்க ஆரம்பித்தாள். நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். "காதுக்குள்ள வண்டு கத்துதும்மா" என்றாள். நான் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை. எனக்குப் புத்தி எங்கே போயிற்று? காய்ச்சல் உள்ளே இறங்கிவிட்டது, மருந்து போதவில்லை என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் பையனைப்போல் இவளும் திரும்ப மாட்டாள் என்று பயந்தேன். வாய் கொள்ளும் மட்டும் இன்னும் நிறைய வாங்கிக்கொண்டேன். "நல்லாக் குடிக்கிறாளே!" என்று டிரசர் எல்லார் முன்னாலும் மெச்சினார்.

நான் விழுங்காத மருந்துக்கு நான்தான் கணக்குக் கொடுக்க வேண்டும் இல்லையா? ஒரு நாள் என் நிரையில் பாதி மரம் வெட்டியிருக்கும்போது குளிர்காய்ச்சல் பிடித்தது. பால் வாளியோடு விழுந்தேன். பால் முகத்திலெல்லாம் ஊற்றி உறைந்துபோய், கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தவளைக் கோணிப்பையில் தூக்கிக்கொண்டு போனார்களாம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்கு நினைவு திரும்ப நாலு நாள் ஆனது.

"தெனம் கொயினா குடிக்கிறவளுக்கு எப்படி இவ்வளவு காய்ச்சல்?" என்று டிரசர் என் கட்டிலருகே நின்று தாடையைச் சொறிந்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றேன். "ஆயாகிட்ட இருக்கா. இங்க வரக்கூடாது. நீயும் எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லி, வாசலில் ஒரு ஆளையும் நிறுத்தினார். உண்மையிலேயே உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வந்தார். மாதத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் வந்து எங்கள் நாலைந்து குடும்பத்துக்கு அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் ஜெபம் நடத்துகிறவர். என்னைவிட இளையவர். வெள்ளை உடுப்பு, எண்ணெய் தடவி வாரிய தலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, எல்லாத்தையும் அவர்கிட்ட விட்டுருங்க."

"எல்லாம்னா எதைங்க? இருக்கறது ஒண்ணு."

"அதைத்தான் சொல்றேன். ஒரு குருவியைக்கூட மறக்காதவரு..."

"குருவிக்குப் பெரட்டு உண்டா? குருவி விழுந்தா வாசல்ல ஆள் போட்டு அடைக்கிறாங்களா? நீங்க சைக்கிள்ல வந்து சொல்லிட்டு சைக்கிள்ல போயிருவீங்க. மேட்டுல ரெண்டு பேரு கெடக்கறாங்க. அவங்களை மறந்தாரா, நெனைச்சாரா? அதைச் சொல்லுங்க மொதல்ல!"

அவர் முகம் சிவந்துபோயிற்று. புத்தகத்தைத் திறந்தார், மூடினார். கடைசியில், "எனக்குத் தெரியலக்கா" என்றார். "நீங்களே அவர்கிட்டக் கேளுங்க. இதே மாதிரியே கேளுங்க." ஜெபம்கூடப் பண்ணாமல் எழுந்து போய்விட்டார். குடையை மறந்துவிட்டார். அந்த மனுஷன் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பிரசங்கம் செய்திருப்பார். எனக்கு உபயோகப்பட்டது அந்த ஒரு வார்த்தைதான், தெரியலக்கா.

அன்று மத்தியானம் மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை பெய்தால் பக்கத்துக் கட்டிலில் பேசுவதும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் நான் வாய்விட்டுக் கத்தினேன். முழங்காலும் இல்லை, முக்காடும் இல்லை.

"நீர் ரெண்டு பேரை எடுத்தீர். என்னை ஒரு வார்த்தை கேக்கல. நானும் ஒரு வார்த்தை கேக்கல, பயந்துக்கிட்டுக் கும்பிட்டேன். இப்பக் கேக்கறேன். ஏன்? ஏன் எடுத்தீர்?"

பதில் வரவில்லை. வந்ததென்று சொன்னால் பொய். ஆனால் கத்திய வாய் நிற்கவில்லை. மூன்று மாதம் அடைத்து வைத்த வாய் அல்லவா? வீட்டுக்காரர் கடைசியாகத் தண்ணீர் கேட்டது, பையனுடைய சட்டையை நான் இன்னும் வைத்திருப்பது, எல்லாம் வந்தது. கடைசியில் நான் மறைத்ததும் வந்தது. டிரசரை ஏமாற்றினேன், பெரட்டில் பொய்யாக நின்றேன், உம்முடைய பேரைச் சொல்லி வாங்கிய நம்பிக்கையில் திருடினேன் என்றேன். பிறகு சொன்னேன்: "இவளை நான் பிடிச்சுக்கிட்டே இருக்கேன். கை விட்டுப்போச்சு. எனக்கு விடவும் தெரியல, பிடிக்கவும் தெம்பில்ல. நீர் பிடியும். நீர் எடுத்தாலும் உம்மகிட்டதான் சண்டைக்கு வருவேன், வேற எங்க போவேன்?"

மழை நின்றது, வெயில் அடித்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். மழை நிற்கவேயில்லை. சாயந்தரம் வரை கொட்டியது. எனக்குள்தான் ஏதோ நின்றது. மரத்துக்கு மரம் என்னோடு நடந்து வந்த அந்தப் பயத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. கோபம் இருந்தது. துக்கம் இருந்தது. பயம் இல்லை. நான் சண்டை போட ஒருவர் இருந்தார், அவர் எழுந்து போகவில்லை. நான் பட்டப்பகலில் கால் நீட்டித் தூங்கினேன்.

இதை நன்றாகக் கவனியுங்கள். பிள்ளை பிழைத்தாள் என்று தெரிந்து வந்த சமாதானம் இல்லை இது. அது தெரிந்தது மறுநாள்தான். அதைக் கோவிலில் சொன்னால் யாருக்கும் ருசிப்பதில்லை. பிள்ளை பிழைத்ததைச் சொல்லுங்கள் என்கிறார்கள்.

மறுநாள் காலை டிரசரைக் கூப்பிட்டு, செய்ததை எல்லாம் சொன்னேன். அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசம்."

"அடிப்பாவி! ஆயாக் கொட்டகையில பிள்ளைங்களுக்கு நான் தெனம் பத்து மணிக்குக் கொடுக்கறேனே! டின்பால்ல கலந்து கொடுக்கறேனே! மேல நீயும் ஊத்தினா அவ காது என்னத்துக்கு ஆகும்?"

எனக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது பாருங்கள் கோபம்.

"பெத்தவகிட்ட ஏன்யா சொல்லல? வந்து கேட்டேனா இல்லையா? காய்ச்சல் வந்தா கொடுப்போம்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னா பச்சப்பிள்ளைக்கு விஷம்னு நீங்க எல்லாரும் பாலைக் கொட்டிருவீங்க. போன தோட்டத்துல கொட்டுனாங்க."

"எங்க வாயைத் தொறந்து பாக்கத் தெரியுதுல்ல, வாயைத் தொறந்து சொல்லத் தெரியாதா?"

ஆஸ்பத்திரியே எங்களைப் பார்த்தது. அவரும் மூச்சு வாங்கினார், நானும் வாங்கினேன். நோயாளியிடம் தோற்ற முகத்தோடு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது.

"நீ விழுந்ததுலேருந்து அவ வாந்தி எடுக்கல. எதனாலன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேன். நேத்து நான் பின்னால போறப்ப, 'ஐயா, பால்'னு திரும்பிக் கேட்டா. காது வந்துரும். வந்துக்கிட்டு இருக்கு."

நான் பிடித்த பிடியில்தான் என் பிள்ளை மூழ்கிக்கொண்டிருந்தாள். நான் விழுந்த அன்றே அவள் எழுந்திருக்கத் தொடங்கினாள். அழுதேன். அவரை ஏசினேன், என்னை ஏசிக்கொண்டேன், மறுபடி அழுதேன். அந்த டிரசர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லத் தகுதியில்லை என்று நினைத்த அத்தனை பேர்மேலும் உண்டு. மன்னித்தாயா என்று கேட்பீர்கள். மன்னித்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெரட்டில் போய் நின்றேன். மகள் ஆயாக் கொட்டகைப் படியில் உட்கார்ந்திருந்தாள். டிரசர் டம்ளரை நீட்டினார். வாங்கினேன், ஒரே மடக்கில் விழுங்கினேன். வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

"உன்னை யாரு காட்டச் சொன்னா?" என்றார்.

"நீங்க சொல்லலதான். அதான் காட்டறேன்."

கிராணி பேர் வாசித்தார். "இருக்கேன்!" என்றேன். கடைசி லயத்துக்குக் கேட்டிருக்கும். அவர் துள்ளிப்போய் நிமிர்ந்தார். "அலமாக்! அடேயப்பா, கொழுக்கட்டை எறங்கிருச்சா?" வரிசை சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

பெரட்டு கலைந்ததும் படியிலிருந்து மகளை எழுப்பினேன். என்னைக் கண்டதும் அவள் தானாகவே கொட்டகைக்குப் பின்னால் நடக்கப் பார்த்தாள், மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு. "அங்க வேணாம், வா" என்று கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டேன். ராத்திரி பெய்த மழையைப் பற்றி, உபதேசியார் விட்டுப்போன குடையைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டே இருந்தேன். அவள் ஈர முகத்தோடு என்னையே அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா," என்றாள், "காலையில உனக்குப் பேச வருமா?"