கருட சேவை அன்று வண்டி வராது

எழுபதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் சென்னையில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, நாங்கள் இருவரும் சின்ன காஞ்சிபுரத்துக்கே திரும்பி வந்த வருடம். அவருக்கு இழுப்பு உண்டு. மில்லில் இருந்தவரை மில் டாக்டர் பார்த்துக்கொண்டார். ஓய்வு பெற்ற அன்றோடு அதுவும் போயிற்று. தர்மாஸ்பத்திரி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூச்சு முட்டுகிற மனிதரை அதுவரை எப்படிக் கொண்டுபோவது? என் கண் முன்னாலேயே ஒரு நாள் போய்விடுவாரோ என்ற பயம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஓய்வு பெற்றவர்களுக்கென்று இரண்டு தனியார் மருத்துவமனைகள் வீடு வீடாக ஆள் அனுப்பின. வருடச் சந்தா கட்டிவிட்டால் டாக்டர் வீட்டுக்கே வருவார், அவசரத்துக்கு வண்டி வரும் என்றார்கள். எங்களால் ஒன்றில்தான் சேர முடியும்.

நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பட்டுப் புடவை வாங்கப் போனால்கூட ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்தி, முடி கருகுகிற வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன். "பெருமாளே வந்து கதவத் தட்டினாலும், எந்தக் கோயில்னு கேட்டுட்டுத்தாம்மா நீ தாப்பா தொறப்ப" என்று இவர் கிண்டல் செய்வார். வீடு தேடி விற்க வருகிறவர்களுக்கு நான் நாற்காலி போடுவதில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள்.

முதலில் வந்தவர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. நான் கொடுக்காத காப்பியைத் தவிர வீட்டில் எல்லாவற்றையும் புகழ்ந்தார். இழுப்பு பழைய வியாதியாயிற்றே, அதற்கும் பார்ப்பீர்களா என்று கேட்டால், பார்ப்போம் என்றார். பெரிய ஆபரேஷன்? அதுவும் உண்டு. என் வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் ஆட்ட ஆட்ட எனக்குச் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. புடவை என்றால் இழை பிரிக்கலாம். இதில் எதைப் பிரித்துப் பார்ப்பது?

சட்டென்று கேட்டேன்: "கருட சேவை அன்னிக்கு இவருக்கு இழுப்பு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருடன்மேல் ஏறி வீதிக்கு வரும் நாள் அது. தாமல், முசரவாக்கம் என்று சுற்று வட்டாரமே முதல் நாள் இரவே வந்து இறங்கிவிடும். விடியற்காலையில் எங்கள் தெருவில் தலைகள்தான் தெரியும், தரை தெரியாது. சைக்கிள்கூட நுழையாது.

"எந்த நாளா இருந்தா இன்னாம்மா? அஞ்சே நிமிஷத்துல வண்டி உங்க வாசல்ல நிக்கும்" என்றார் அவர், சிரிப்பு மாறாமல்.

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டேன். நல்ல மனிதரை இப்படித் துரத்திவிட்டாயே என்று இவருக்கு அன்று முழுக்கக் கோபம்.

அடுத்த வாரம், பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த இன்னொரு மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை. முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பில்லை. நாற்காலி கேட்கவும் இல்லை. நின்றபடியே இழுப்பு எந்த நேரத்தில் வரும், மூக்குப்பொடி போடுவாரா, படுத்தால் முட்டுமா என்று கேள்வியாகக் கேட்டார். சந்தாவை வாங்கிக்கொண்டு பிறகு தட்டிக்கழிக்கத்தான் இத்தனை விசாரணை என்று நினைத்தேன். இந்த நர்ஸம்மாவையும் நான் நம்பவில்லை.

"ஆபரேஷன் எங்ககிட்ட கெடையாதும்மா. மெட்ராஸுக்கு அனுப்பிடுவோம். அந்தச் செலவு உங்களுது" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

அதே கருட சேவைக் கேள்வியைப் போட்டேன்.

"அன்னிக்கு வண்டி வராதும்மா. எங்க வண்டின்னு இல்ல, எவன் வண்டியும் வராது. முந்தின நாள் சாயங்காலமே ஐயாவக் கொண்டாந்து எங்ககிட்ட படுக்க வெச்சிடுங்க."

இவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ அந்த 'வராது' என்ற சொல் வயிற்றில் பால் வார்த்தது. நர்ஸம்மாவிடமே சேர்ந்தோம். சேர்ந்த பிறகும், இப்படிக் கறாராகப் பேசுவதும் ஒரு தந்திரமோ என்று இரண்டு நாள் உறங்கவில்லை. அது என் சுபாவம்.

வைகாசி வந்தது. கருட சேவைக்கு முதல் நாள் சாயங்காலம் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டேன். இவர் ஏற மறுத்துவிட்டார்.

"முப்பது வருஷம் மில்லுல கெடந்து இந்த சேவைய பாக்காம இருந்தேன். இப்பவும் ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருக்கணுமா? செத்தாலும் பாத்துட்டுத்தான் சாவேன்."

அழுதுகொண்டே ரிக்‌ஷாவைத் திருப்பி அனுப்பினேன்.

விடியற்காலையில் கோபுர வாசலில் பெருமாளைக் கண்குளிரப் பார்த்தோம். நெரிசலில் மிதந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், புழுதியும் கற்பூரப் புகையும் சேர்ந்து இவருக்கு இழுப்பைக் கிளப்பிவிட்டன. சுவரைப் பிடித்து உட்கார்ந்தவரால் பேச முடியவில்லை. உதடு நீலம் பாரித்தது. கதவைத் திறந்து வெளியே பார்த்தேன். திருநாளுக்காகத் தறிகள் எல்லாம் நின்றிருந்த தெருவில் கோவிந்தா கோஷம் மட்டும் கேட்டது. யாரைக் கூப்பிட்டாலும் யார் காதிலும் விழாது. வராது என்று சொன்னவர்களிடம் போய்ச் சேர்ந்தோமே, இதற்கா இத்தனை ஆராய்ச்சி என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு தோல்பை வந்தது. பின்னாலேயே நர்ஸம்மா. புடவை கசங்கி, ஒரு காலில் செருப்பு இல்லாமல். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே உள்ளே போனார்.

"ஸ்டவ்வ பத்த வைங்கம்மா. ஊசிய கொதிக்க வெக்கணும்."

இருந்த அவசரத்தில் எனக்கு ஸ்டவ் பற்றவில்லை. அவரே வாங்கிப் பம்ப் அடித்தார். தண்ணீர் கொதிக்கும்வரை இவர் முதுகை நீவிக்கொண்டே, "மெதுவா, மெதுவா விடுங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி போட்டுச் சிறிது நேரத்தில் இவர் நெஞ்சுக்கூடு அடங்கியது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"வராதுன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"வண்டி வராதுன்னுதான் சொன்னேன். நான் வரமாட்டேன்னா சொன்னேன்? நேத்து சாயங்காலம் ஐயா வரல. சாமி பாக்கத்தான் போயிருப்பாருன்னு தெரிஞ்சிக்கினேன். இருட்டுலயே கெளம்பி, கோயிலுக்கு வர்ற ஜனங்களோட ஜனமா நடந்து வந்துட்டேன்."

அந்த நேரத்திலும் என் புத்தி போகவில்லை. இதற்குத் தனியாக ஏதாவது கேட்பீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. பையை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெயிலில் வெறுங்காலோடு போக விடாமல் என் செருப்பை வற்புறுத்திக் கொடுத்தேன். மறுநாளே துடைத்து, காகிதத்தில் சுற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். என்னைவிடக் கறார்.

அந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஏமாற்றுக்காரரா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரைச் சோதித்துப் பார்க்கிற நிலைமை எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அதன் பிறகும் பல கருட சேவைகளைப் பார்த்தார். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் சாயங்காலம் நர்ஸம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் பார்த்தார்.

இன்றும் யாராவது வாசலில் நின்று, எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றால் என் கை தானாகக் கதவுத் தாழ்ப்பாளைத் தேடுகிறது. இது எங்களால் ஆகாது என்று முதலிலேயே சொல்கிறவருக்குத்தான் உள்ளே போய் நாற்காலி எடுத்து வருகிறேன்.