ஷார்ஜாவில் தெரிந்த பரங்கிப்பேட்டை வண்டி

சாய்ந்த வண்டி

சிதம்பரத்தில் ஒரு டூவீலர் ஷோரூமில் நான் சர்வீஸ் சூப்பர்வைசர். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், வண்டியில் இத்தனை எலக்ட்ரானிக்ஸ் தேவையா என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது பரங்கிப்பேட்டை ஜக்கரியா பாய் வண்டியைப் பற்றித்தான்.

ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து, வாட்டர் வாஷுக்கு வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஷோரூம் செல்போன் அடித்தது. எடுத்ததுமே பதறிய குரல்.

“சார், சிதம்பரம் சர்வீஸ் சென்டர்தான? நா ஷார்ஜாவுலேருந்து ரியாஸ் பேசுறேன். எங்க வாப்பா வண்டி விழுந்துடுச்சு சார்.”

ஷார்ஜாவில் விழுந்த வண்டிக்கு இங்கே எதற்குப் போன் செய்கிறார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

“எந்த ஊர்ல விழுந்துச்சு தம்பி?”

“பரங்கிப்பேட்டைல சார். அன்னங்கோயில் பக்கம் காட்டுது. வண்டி சாஞ்சு கெடக்குன்னு ஆப்புல அலாரம் வந்துச்சு. வாப்பா போன் எடுக்க மாட்டேங்குறாங்க. பக்கத்து வீட்டுல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. யாருக்கு அடிக்கிறதுன்னே தெரில. ஆப்புல உங்க நம்பர்தான் இருந்துச்சு.”

அப்போதுதான் ஆள் ஞாபகம் வந்தது. லீவில் வந்திருந்தபோது அப்பாவுக்காக அந்த வண்டியை எடுத்த பையன். ஆர்.சி. அப்பா பேரில். ஆப்பை மட்டும் தன் போனில் ஏற்றிக்கொண்டான். டெலிவரி கொடுத்தது நான்தான். ஜிபிஎஸ், விழுந்தால் செய்தி அனுப்பும் சென்சார், வேகக் கணக்கு எல்லாவற்றையும் அவனுக்குத்தான் விளக்கினேன். ஜக்கரியா பாய் அந்த நேரம் கண்ணாடியைத் திருப்பி, பின்னால் வருவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பஜாரில் ரொம்ப காலம் துணிக்கடை வைத்திருந்தவர். மனைவி தவறிப்போனபின் தனியாக இருந்தார்.

“போன வச்சிடாத தம்பி, நா கெளம்புறேன்” என்று சொல்லி, டெஸ்ட் டிரைவ் வண்டியை எடுத்தேன். போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டேன். பி.முட்லூர் திரும்பும் வரைக்கும் அவன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் தேவனாம்பட்டினத்துக்காரன். எங்கள் அப்பா கடலுக்குப் போனவர். ஒருமுறை காற்றில் மாட்டி, திரும்பவேண்டிய நாளில் படகு திரும்பவில்லை. அம்மா கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அப்பா வந்துவிட்டார். ஆனால் அம்மா அன்று மூச்சு விட்டது எப்படி இருந்ததோ, அதே மாதிரிதான் என் காதில் ஷார்ஜா கேட்டது.

அன்னங்கோயில் மீன் இறங்குதளத்தில் வண்டி மணலில் படுத்துக் கிடந்தது. ஒரு பக்கக் கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஆள் இல்லை. போனில் அவன், “என்ன சார், என்ன சார்?” என்றான்.

மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன்.

“இந்த வண்டிக்காரரு எங்கம்மா?”

“ஜக்கரியா பாயா? தோ, வலைக் கொட்டாயில ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்காரு.”

முந்தின ராத்திரி மழை. ஈர மணலில் சைடு ஸ்டாண்ட் இறங்கி, நின்ற வண்டி சாய்ந்திருக்கிறது. பாய் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். “வாங்க தம்பி. மீன் வாங்கவா வந்தீங்க?”

“இல்ல பாய். உங்க வண்டி விழுந்துடுச்சுன்னு ரியாஸ் போன் பண்ணாரு. பதறிப் போயிருக்காரு. இந்தாங்க, பேசுங்க.”

போனை வாங்கினார். “நல்லாத்தாம்பா இருக்கேன். ஒண்ணுமில்ல” என்றார். பிறகு வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“வண்டி விழுந்தது உனக்கு எப்படித் தெரியும்?”

அவன் ஏதோ விளக்கினான்.

“அப்ப நா எங்க போறேன், எங்க நிக்கிறேன், எல்லாம் தெனமும் உனக்குத் தெரியும்.”

பதிலுக்குக் காத்திருக்காமல் போனை என்னிடம் நீட்டிவிட்டார். நானும் அவரும் வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். கண்ணாடி மாற்ற ஷோரூமுக்குக் கொண்டுவரச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

எது வேணும், எது வேணாம்

அந்தப் பையன் கதையைத் தொடரும் முன், என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் புதுசுக்கு விரோதி கிடையாது. கார்புரேட்டர் போய், பெட்ரோலைத் தானே அளந்து விடும் எஃப்.ஐ. வந்தபோது, இனி வேலை போச்சு என்று பல பேர் புலம்பினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மார்கழிக் காலையில் சோக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிற கஷ்டம் ஒழிந்தது.

பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். இல்லாத வண்டியை என் தம்பி மகனுக்கு வாங்கவிட மாட்டேன். நம் பக்கத்தில் அறுப்புக் காலத்தில் ரோட்டிலேயே நெல்லையும் உளுந்தையும் காயப்போடுகிறார்கள். அதன்மேல் பிரேக் பிடித்துப் பார்த்தவனுக்கு ஏ.பி.எஸ். அருமை தெரியும்.

ஆனால் வருகிறவர்கள் கேட்பது ஆளுக்கு ஆள் மாறும். யுனிவர்சிட்டிப் பையன்கள் ஸ்கிரீன் எவ்வளவு பெரிசு, பாட்டு கேட்கலாமா, ரைடிங் மோடு எத்தனை என்பார்கள். திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, “கிக்கரு எங்கய்யா?” என்றார். இல்லை என்றேன். “பேட்டரி போனா கரும்புக் கொல்லைல வண்டிய வச்சுக்கிட்டு நா என்ன பண்ணுவேன்?” என்று கேட்டார். கிக்கர் உள்ள மாடலைக் காட்டினேன்.

வண்டியை நிறுத்தவும், கிளப்பவும், ரோட்டைக் காட்டவும் உதவுகிற எதுவும் வண்டிக்குச் சொந்தம் என்று வைத்திருந்தேன். மற்றதெல்லாம் விளையாட்டு என்பது என் நினைப்பு. ஜிபிஎஸ் பெட்டியை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று நான் யோசித்ததே இல்லை.

வேவு

இரண்டொரு நாளில் பாய் ஷோரூமுக்கு வந்தார். கண்ணாடி மாற்றியதும் கேட்டார்.

“தம்பி, அந்தப் பொட்டி எங்க இருக்கு?”

“எது பாய்?”

“என் மவனுக்குச் சேதி சொல்ற பொட்டி. அதக் கழட்டிடுங்க.”

நான் மேனேஜரிடம் போனேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “ஆர்.சி. பெரியவர் பேர்ல இருக்கு. அவர் சொன்னா செஞ்சிதான் ஆவணும். ஆனா ஆப்போட ஐடி, பையன் நம்பர்ல இருக்கு. அவன் ஓடிபி சொல்லாம நாம அத மாத்த முடியாது. வயரப் புடுங்குனா வாரன்டி போயிடும். பையனுக்குப் போன் போட்டுப் பேசவைய்யா. வேற வழியில்ல.”

வண்டிகளுக்கு வேலை நடக்கும் இடத்தில் சத்தம் அதிகம். பின்னால் ஸ்பேர்ஸ் ரூமில் பாயை உட்காரவைத்து, ரியாஸுக்கு அடித்தேன். அவர் போனைக் காதில் வைக்கத் தயாராக இல்லை. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். வெளியே போகிறேன் என்று எழுந்தேன். “இருங்க தம்பி. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது” என்றார் பாய்.

“அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா” என்றான் ரியாஸ்.

“வஅலைக்கும் ஸலாம். அந்தத் தம்பி ஏதோ நம்பர் கேப்பாரு, சொல்லிடு. பொட்டியக் கழட்டுறாங்க.”

“ஏன் வாப்பா? நீங்க தனியா இருக்கீங்கன்னுதான போட்டேன்.”

“நீ இத்தன வருஷமா அங்க இருக்க. நீ எங்க போற, எப்ப சாப்புடுறேன்னு நா பொட்டி வச்சாப் பாக்குறேன்? கேட்டாச் சொல்ற. நீயும் என்னக் கேளு. சொல்லுறேன்.”

“கேட்டா சொல்ல மாட்டீங்களே வாப்பா.”

பாய் நிமிர்ந்து பார்த்தார். “என்ன சொல்லல?”

ரியாஸ் மெதுவாகச் சொன்னான்.

“காலைல சுபுஹு தொழுது முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வந்துடறேன்னு சொல்றீங்க. வண்டி தெனமும் கபர்ஸ்தான் வாசல்ல நிக்குது.”

பாயின் கை மேஜைமேல் அப்படியே நின்றுவிட்டது. நான் ஸ்பேர்ஸ் ராக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அது உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இருந்தேன்” என்றார் பாய். “உம்மாவ அடக்கம் பண்றப்ப உனக்கு லீவு கெடைக்கல. மொகத்தக்கூடப் பாக்கல நீ. நா தெனமும் அங்க போய் நிக்கிறேன்னு தெரிஞ்சா உனக்கு அங்க வேல ஓடுமா? அதான் சொல்லல.”

“எனக்கு வேல ஓடுது வாப்பா. அந்த நேரத்துக்கு நானும் முழிச்சுக்குவேன். ரூம்ல எல்லாரும் தூங்குவாங்க. போனப் போர்வைக்குள்ள வச்சிக்கிட்டுப் பாப்பேன். வண்டி பள்ளிவாசல்லேருந்து கெளம்பி, தெருவு திரும்பி, அங்க வந்து நிக்கும். நின்னதும் நானும் உம்மாவுக்கு துஆ கேப்பேன். நீங்க கெளம்புற வரைக்கும் நானும் அங்கதான் இருப்பேன். என்னால வரமுடிஞ்சது அவ்வளவுதான்.”

பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே யாரோ ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல” என்றார் கடைசியில்.

“சொன்னா நீங்க போறத நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன் வாப்பா.”

நான் போனை எடுத்து, பிறகு பேசுகிறேன் என்று ரியாஸிடம் சொல்லி வைத்தேன். பாய்க்குத் தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கேட்டார்.

“அதக் கழட்டணும், இல்ல அப்படியே வுடணும். நடுவுல ஒண்ணும் கெடையாதா தம்பி?”

இருந்தது. கம்பெனி கொடுத்த டிரெயினிங்கில் காட்டியிருந்தார்கள். ஆனால் எந்தக் கஸ்டமருக்கும் நான் அதைச் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை. ஐடியை வண்டி ஓட்டுகிறவர் போனுக்கு மாற்றி, மற்றவரை விருந்தாளி மாதிரி அதில் சேர்க்கலாம். ஓட்டுகிறவர் ஷேரிங்கை ஆன் செய்தால் மற்றவருக்கு வண்டி தெரியும். ஆஃப் செய்தால் தெரியாது. விழுந்தால் மட்டும் எப்படியும் செய்தி போய்விடும்.

ரியாஸ் உடனே ஓடிபி சொன்னான். பாய் போனில் ஆப்பை ஏற்றினேன். பச்சைப் பட்டனை எப்படித் தள்ளுவது என்று காட்டினேன். இரண்டு தடவை தானே தள்ளிப் பார்த்தார்.

“வேகமாப் போறேன்னு ஒரு சேதி போவுமாமே?”

“போவும் பாய்.”

“அது வேணாம். நா போற வேகத்துக்கு அவன் எதுக்குப் பயப்படணும்.”

அதை அணைத்தேன். பட்டனை ஆஃபில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். எனக்கு ரியாஸை நினைத்துக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு

அந்த நாளுக்குப் பின் டெலிவரி கொடுக்கும் விதத்தை நான் மாற்றிக்கொண்டேன். பணம் கட்டுகிறவரிடம் பேசுவதற்கு முன், வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்பேன். அப்பா வாங்கிக் கொடுத்து மகள் ஓட்டுவாள். புருஷன் வெளிநாட்டில், மச்சினன் இங்கே ஓட்டுவான். யார் ஓட்டினாலும் அவர் போனில்தான் ஆப் ஏறும். அவர் கையில் பட்டனைக் கொடுத்து, இது தெரியுமா, தெரிந்து சம்மதமா என்று கேட்டபிறகே சாவி. ஒரு மாமனார் இதற்காக என்மேல் மேனேஜரிடம் புகார் சொன்னார். மேனேஜர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அடுத்த சர்வீஸுக்கு ஜக்கரியா பாய் வந்தபோது, செயின் ஸ்பிராக்கெட், பிரேக் பேடு எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, சாஃப்ட்வேர் அப்டேட்டுக்காக அவர் போனை வாங்கினேன். ஷேரிங் ஆனில் இருந்தது. எப்போது ஆன் செய்தார் என்று பார்த்தேன். எங்கள் ஷோரூமிலிருந்து போன மறுநாள் விடியற்காலை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அணைக்கவில்லை.

“பாய், எப்பவும் ஆன்லயே இருக்கே?”

“ஆமா. அணைக்கிறது என் கைல இருக்குல்ல? அப்புறம் எதுக்கு அணைக்கணும்?”

ரியாஸ் எப்போது வருகிறான் என்று கேட்டேன்.

“இந்த நோன்புக்கு வர்றதாச் சொன்னான். கம்பெனில வுடலயாம். தள்ளிப்போச்சு.” சாவியை வாங்கிக்கொண்டார். “இப்பல்லாம் சுபுஹுக்கு அப்புறம் அங்க கொஞ்சம் ஜாஸ்தி நேரம் நிக்கிறேன் தம்பி. நா கெளம்பிட்டா அவனும் கெளம்பிடணும்ல.”

செல்ஃப் போட்டார். கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு ரோட்டில் ஏறினார். அந்த நேரம் ஷார்ஜாவில் அவன் வேலையில் இருந்திருப்பான், ஆப்பைப் பார்த்திருக்க மாட்டான். இருந்தாலும் அவர் நிதானமாகத்தான் போனார்.