‘இல்லை’ என்று குத்துங்கள்

வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்கிறவர்களுக்குச் செருப்புக்கு முன்னால் பொறுமை தேய்ந்துவிடும். கையில் நோட்டீஸோடு ஒரு தடவையாவது அடுத்தவர் வீட்டு கேட்டைத் திறந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்; அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கட்சிக்காரி இல்லை. குமரி மாவட்டத்துப் புதுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சங்கம் நடத்தும் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் டீச்சர். பாதி இடங்களைப் பெண்களுக்கும், கடற்கரைக் குடும்பங்களுக்கும், பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்று சங்கத்தில் சிலர் தீர்மானம் கொண்டுவந்தார்கள். சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களும் பழைய மாணவர்களும் சங்கத்தில் உறுப்பினர்கள். ஓட்டுப் போடுகிற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ‘ஆமாம்’ என்று குத்தினால் ஒதுக்கீடு போய்விடும். அதை எதிர்த்து நானும் எலக்ட்ரிகல் வாத்தியார் லிங்கம் சாரும் கிளம்பினோம். சாருக்குச் சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சுவாதீனமில்லை. அவருடைய மூன்று சக்கர ஸ்கூட்டர் முன்னால், என் வண்டி பின்னால், மூன்று வாரம்.

பெயர் வைத்த புத்திசாலி

முதல் நாள் கடற்கரைக்குப் போனோம். ஜெபமாலை அக்கா மீன் விற்கிறவர். அவருடைய மகள் ஒதுக்கீட்டில் சேர்ந்து என்னிடம் படிக்கிறாள். இங்கே பேச வேண்டியதே இல்லை, ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன். அக்கா நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு, “நான் ஆமான்னு குத்த முடிவு பண்ணியாச்சு மோளே” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விசாரித்தால், தீர்மானத்துக்கு வைத்த பெயர் ‘அனைவருக்கும் சமவாய்ப்புத் தீர்மானம்’. சமவாய்ப்பு வேண்டாம் என்று யார் குத்துவார்கள்? இந்தப் பெயரில் வந்திருப்பது சமவாய்ப்பை எடுக்கிற தீர்மானம், இது ஜெயித்தால் உங்கள் மகளுக்குப் பின்னால் வருகிற பெண்ணுக்கு இடம் இருக்காது என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். வெயிலில் தொண்டை வறண்டுவிட்டது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: “வேணும்னா வேண்டாம்னு குத்தணும், வேண்டாம்னா வேணும்னு குத்தணும். இத எழுதினவனுக்கு நம்மள நல்லாத் தெரியும் மோளே.”

காப்பி

ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கிற ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனபோது அவர் கோபமாகவே வரவேற்றார். அவருடைய மகனுக்கு எங்கள் நிலையத்தில் இடம் கிடைக்கவில்லை. அவனைவிட மார்க் குறைந்த பெண்ணுக்குக் கிடைத்தது. “எனக்க மவன் என்ன தப்பு செஞ்சான், சொல்லுங்க” என்று கேட்டார். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. அதை ஒப்புக்கொண்டேன். அந்தப் பையன் அறை வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சங்கடமாக இருந்தது.

பிறகு என் கதையைச் சொன்னேன். வெல்டிங் படிக்க வேண்டும் என்று மூன்று பட்டறைகளில் போய் நின்றிருக்கிறேன். ஒரு இடத்தில் சிரித்தார்கள், ஒரு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள், ஒரு இடத்தில் பெருக்கச் சொன்னார்கள். இந்த நிலையமும் ஒதுக்கீடும் வந்த பிறகுதான் என் கையில் வெல்டிங் டார்ச்சைக் கொடுத்தார்கள். பெரியவர் அக்கறையாகத்தான் கேட்டார். மனசு இளகுகிறது என்றே நினைத்தேன். அப்போது அவர் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்: “அதெல்லாம் அந்தக் காலம் டீச்சர், இப்ப எல்லாம் மாறியாச்சு. ஏட்டி, சாருக்கு ஒரு காப்பி கொண்டு வா. டீச்சர், நீங்க உள்ள போயி பொம்பளையளுக்க கூட இருங்க.”

என்னிடம் படித்தவள்

என்னை அதிகமாகச் சோர வைத்தது ஷீபாதான். என் முதல் பேட்ச் மாணவி. படகு கட்டும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவள் வைக்கிற வெல்டிங் தையலில் ஒரு புள்ளி குறை சொல்ல முடியாது. பழைய மாணவிகள் நாலு பேரைத் திரட்டி எங்களோடு அனுப்பு என்று கேட்கத்தான் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “நான் வரமாட்டேன் டீச்சர். நான் ஆமான்னுதான் குத்தப் போறேன்” என்றாள்.

நான் கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். எப்படி இங்கே வந்தாய் என்பதை மறந்துவிட்டாயா என்றேன். அவள் கண் கலங்கவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது. பட்டறையில் அவளுக்குப் பெயர் கிடையாதாம். ‘ஏ கோட்டா, அந்தக் கம்பியை எடு’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். நாலு வருஷமாக. என்னிடம் ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கூப்பிடுகிறவன் வாயை அடைக்காமல் நீ வந்த வாசலை அடைத்து என்ன பயன் என்று கேட்டிருக்கலாம். அது திரும்பி வரும் வழியில்தான் தோன்றியது. அங்கே நோட்டீஸை மட்டும் நீட்டினேன். அவள் ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன்னால் சொன்னாள்: “நீங்க அங்க டீச்சர். நான் இங்க கோட்டா.”

பதினெட்டுப் படி

ஓட்டெடுப்பு சங்கக் கட்டடத்தின் மாடியில். பதினெட்டுப் படி. கைப்பிடி கிடையாது. பெட்டியைக் கீழே கொண்டுவரச் சொல்லி லிங்கம் சார் இரண்டு நாள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. தூக்கிக்கொண்டு போகிறோம் என்று பையன்கள் வந்தபோது வேண்டாம் என்றார். வெள்ளை வேட்டி உடுத்தியிருந்தார். படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறினார். வரிசையில் நின்றவர்கள் செல்போனைப் பார்த்தார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது வேட்டி முழுக்க அழுக்கு.

ஓட்டுச்சீட்டுக் கொடுத்த அலுவலரிடம் நான் சண்டைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர்தான், சாருக்கு ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “ஒருத்தருக்காகப் பெட்டியக் கீழ எறக்கினா மத்தவங்களுக்கு அநியாயம் ஆயிரும் டீச்சர். எல்லாருக்கும் ஒரே விதிதான்.”

விண்ணப்பப் படிவம்

எண்ணி முடித்தார்கள். ‘ஆமாம்’ பாதிக்கு மேல் வந்தது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கைத் தொடவில்லை. தீர்மானம் தோற்றது. லிங்கம் சார் என் கையைக் குலுக்கினார். இரண்டு பேருக்குமே சிரிக்கத் தோன்றவில்லை. எங்களிடம் படித்தவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், தினமும் வணக்கம் சொல்கிறவர்கள் என எத்தனையோ பேர் அந்தப் பாதிக்கு மேற்பட்டவர்களில் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை, ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மார்க்கெட்டில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவர். பெண் பிளஸ் டூ முடித்திருந்தாள், வெல்டிங் மெஷினையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். படிவத்தை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு கொஞ்சம் நெளிந்தார். “உங்ககிட்ட மறைக்கப்பிடாது டீச்சர், நான் ஆமான்னுதான் குத்தினேன். அந்தப் பொம்பளப் பிள்ளையளுக்குள்ள இடத்துல இவளுக்கு ஒண்ணு கிடைக்குமா?”

பேனாவும் நானே கொடுத்தேன். ஓட்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்று விதி எழுதியவர், ஓட்டுக் கேட்கப் போகிறவர்களின் மனநிம்மதியை நினைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.