பிரேக் அக்கா வாங்கிய பெயர்கள்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலுக்கு. இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவரின் காலுக்கு. அந்த இரண்டாவது பிரேக்கை இருபது வருடமாக மிதித்து மிதித்தே அவருக்கு பிரேக் அக்கா என்று பெயராகிவிட்டது. பள்ளி முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அக்காவும் சும்மா இருப்பவர் இல்லை. தன்னிடம் வருகிற எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்துவிடுவார். கியர் மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிற பல் மருத்துவருக்கு ‘தியானம்’. வலது பக்கம் திரும்ப இடது விளக்கைப் போடுகிற ஒருவருக்கு ‘இண்டிகேட்டர்’. பெயர் வாங்குகிற குழப்பத்தை அக்காவின் வாழ்க்கைக்குள் கொண்டுவந்து விட்டவர் இந்த இண்டிகேட்டர்தான்.

இண்டிகேட்டருக்கு வெப்சைட் வடிவமைக்கிற வேலை. வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றிருந்தார். நாலாவது முறைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு காலையில், போய்க்கொண்டிருந்த வண்டியை ஓரம் கட்டி, சாவியைத் திருகி அணைத்தார்.

“அக்கா, நான் நிறுத்திக்கறேன்.”

“அதான் நிறுத்திட்டியேப்பா. அழகா நிறுத்தியிருக்க. இதையே தேர்வுல செய்.”

“வண்டிய இல்லக்கா. கத்துக்கறத. இன்னும் கொஞ்ச வருஷத்துல காரெல்லாம் தானா ஓடப்போகுது. ஸ்டியரிங்கே இருக்காதாம். நான் எதுக்கு இந்த வயசுல உங்ககிட்ட திட்டு வாங்கணும்?”

“அப்ப நான் என்ன பண்றதாம்?” என்று அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இண்டிகேட்டர் அதை நிஜக் கேள்வியாக எடுத்துக்கொண்டு யோசித்தார்.

“நீங்க பேர் வாங்குங்க.”

அந்த வகுப்பின் மிச்ச நேரம் முழுவதும் வண்டி நகரவே இல்லை. இண்டிகேட்டர் பாடம் எடுத்தார், அக்கா கேட்டுக்கொண்டார். இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு முகவரிப் பெயர் வேண்டும், அதற்கு டொமைன் என்று பேர். முதலில் பதிகிறவருக்கே அது சொந்தம். டிரைவர் இல்லாத கார் வரப்போகிறது என்று தெரிந்து விவரமானவர்கள் இப்போதே பெயர்களைப் பதிந்து வைக்கிறார்கள். நாளைக்குப் பெரிய கம்பெனிக்காரன் அதே பெயர் வேண்டும் என்றால் பதிந்தவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்க வேண்டும்.

“இருக்கற கம்பெனி பேரை மட்டும் தொட்டுறாதீங்க, கேஸ் போட்டுருவாங்க. பொதுவான வார்த்தையா பாருங்க” என்றார் இண்டிகேட்டர். அப்புறம் இறங்கி, பஸ் ஏறிப் போய்விட்டார். அக்கா வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு திரும்பினார். வழியெல்லாம் அதே யோசனை. தன் தொழில் தன் கண் முன்னால் போகப்போகிறது என்பது ஒரு பக்கம். போகிற தொழிலிலிருந்தே பணம் வரும் என்பது இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் எதை நம்புவது?

வாரக் கடைசியில் இண்டிகேட்டரின் அலுவலகத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலத்தில் நினைத்ததெல்லாம் ஏற்கெனவே போயிருந்தது. ரோபோ போட்டுத் தேடினாலும், ஆட்டோ போட்டுத் தேடினாலும் யாரோ எங்கேயோ இருந்துகொண்டு எடுத்திருந்தார்கள். நடுவில் கோடு போட்டுப் பார்த்தார்கள், எண் சேர்த்துப் பார்த்தார்கள், அதுவும் போயிருந்தது. கடைசியில் அக்காவுக்கே ஒரு யோசனை தோன்றியது. நம் மொழியை ஆங்கில எழுத்தில் எழுதினால்? அந்தப் பக்கம் ஒரு ஈ காக்காய்கூட வந்திருக்கவில்லை. தானாபோ, ஓட்டாதே, கைவிட்டுஓட்டு, பின்சீட்டுராஜா, சும்மாஉக்காரு என்று வரிசையாக அள்ளினார்.

“தானாபோன்னா யாரையோ விரட்டற மாதிரி இருக்கேக்கா” என்றார் இண்டிகேட்டர்.

“காரைத்தானே விரட்டறோம்” என்றார் அக்கா. உக்காருவுக்கு ஒரு ‘கே’ போதுமா, இரண்டு வேண்டுமா என்று இருவருக்கும் சண்டை வந்து, இரண்டையும் வாங்கினார்.

அக்காவின் வீட்டுக்காரருக்கு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்து இது இருக்கிறது, இது இல்லை என்று எழுதிக் கொடுக்கிறவர். நடுவாந்தரமாக ஒரு பதில் அவருக்குப் பிடிக்காது. துணி மடித்துக்கொண்டிருந்தவரிடம் அக்கா விஷயத்தைச் சொன்னார்.

“பேரை வாங்கினியா? யார்கிட்ட இருந்து?”

“யார்கிட்டயும் இல்லங்க. அது சும்மா கிடந்துச்சு.”

“சும்மா கிடந்ததுக்கு எதுக்குக் காசு?”

“பதியறதுக்கு.”

“சரி. இனிமே அது நம்மளுது.”

“ஒரு வருஷத்துக்கு. அப்புறம் மறுபடியும் கட்டணும்.”

“அப்ப வாடகைன்னு சொல்லு.”

“வாடகை இல்லங்க, சொந்தம்.”

“சொந்தத்துக்கு வருஷா வருஷம் வாடகையா?”

அக்கா வாயைத் திறந்தார். இண்டிகேட்டர் சொன்னபோது தெளிவாக இருந்தது இப்போது நாக்குக்கு வரவில்லை. வீட்டுக்காரர் ஒரு தலையணை உறையை நாலாக மடித்து வைத்தார். “எனக்குப் புரியலம்மா. ஆனா உனக்கும் புரியலன்னு மட்டும் நல்லா புரியுது.”

அதற்குப் பிறகு அக்காவுக்குச் செய்தி பார்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. எங்கோ ஓர் ஊரில் டிரைவர் இல்லாத வண்டிகள் தெருவில் இறங்கிவிட்டன என்று செய்தி வந்தால், பெயருக்கு மதிப்பு ஏறும் என்று மனசு துள்ளும். அடுத்த நொடியே, அப்படியானால் பள்ளியை மூடிவிடுவார்களே என்று அதே மனசு சுருங்கும். அப்படியொரு வண்டி நடுச்சாலையில் திகைத்து நின்று போக்குவரத்தே ஸ்தம்பித்தது என்று கேட்டால், ‘அதானே, என்ன இருந்தாலும் மனுஷன் மாதிரி வருமா’ என்று காலரைத் தூக்கிக்கொள்வார். பிறகு தன் பெயர்களை நினைத்துக்கொண்டு அந்த வண்டிக்காகவே கவலைப்படுவார். ஒரே செய்திக்கு இரண்டு முகம் காட்டுகிற மனைவியை வீட்டுக்காரர் ஓரக்கண்ணால் பார்ப்பார். முதல் வருடம் போனது, இரண்டாவது வருடமும் போனது. சில பெயர்களைப் புதுப்பிக்காமல் விட்டார். விட்ட பெயரை வேறு யாராவது எடுத்துக்கொண்டார்களா என்று போய்ப் பார்ப்பார். யாரும் எடுக்கவில்லை என்றால் நிம்மதியா வருத்தமா என்று அவருக்கே பிடிபடாது.

இப்படி இருக்கையில், ‘சும்மாஉக்காரு’ விற்பனைக்கு உண்டா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது.

இண்டிகேட்டர் போனிலேயே குதித்தார். “பெரிய கம்பெனி நேரா வராதுக்கா, ஆள் வெச்சுத்தான் கேப்பாங்க. நீங்களா விலை சொல்லாதீங்க. முகத்துல எதையும் காட்டாதீங்க.”

சந்திப்பு பயிற்சிப் பள்ளிக்கு எதிரே இருந்த டீக்கடையில். வீட்டுக்காரரும் அரை நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க அக்கா பட்ட பாட்டில், கடைக்காரர் டீ சரியில்லையோ என்று பயந்து சர்க்கரையை எடுத்துவந்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் கக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியை இடுக்கிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். கார் கம்பெனியில் இருக்கை செய்கிற பிரிவு போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டார். வந்தவர் நாற்காலியைப் பிரித்து நடைபாதையிலேயே போட்டார்.

“இதாம்மா நம்ம மாடல். முதுகு வலிக்கவே வலிக்காது.”

“எத்தனை பேர் உக்காரலாம்?” என்றார் அக்கா கறாராக.

“ஒருத்தர்தாம்மா.”

“ஒருத்தர் மட்டும்னா குடும்பத்தோட போறவங்க என்ன பண்ணுவாங்க?”

“போறதா? இது எங்கயும் போகாதும்மா. போட்ட இடத்துல நிக்கும்.”

“அப்ப இன்னும் ஓட்டிப் பாக்கலையா?”

வந்தவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் டீயைப் பார்த்தார். இன்னும் நாலைந்து கேள்வி பதிலுக்குப் பிறகுதான் தெரிந்தது, வந்தவருக்கும் காருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சாய்வு நாற்காலி செய்து விற்கிறவர். சும்மா உக்காரு என்று கடைக்குப் பெயர் வைத்து, பலகையும் எழுதி மாட்டிவிட்டார். இணையத்தில் போய்ப் பார்த்தால் அந்தப் பெயர் யாரிடமோ இருக்கிறது.

அவர் ஒரு தொகை சொன்னார். போட்ட காசுக்கு மேலேயே இருந்தது, கனவு கண்ட காசுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அக்கா திணறிப்போனார். இதைக் கார் விலைக்கு விற்பதா, நாற்காலி விலைக்கு விற்பதா? இண்டிகேட்டருக்குப் போன் போட்டால், “அவசரப்படாதீங்கக்கா, கார்க்காரன் நாளைக்கே வரலாம்” என்கிறார். வீட்டுக்காரர் மேஜைக்குக் கீழே முழங்காலால் இடிக்கிறார். கொடு என்று இடிக்கிறாரா, கொடுக்காதே என்று இடிக்கிறாரா என்பது வேறு விளங்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்கம்மா, ஒண்ணு கேக்கறேன்” என்றார் நாற்காலிக்காரர். “நீங்க இந்தப் பேரை எதுக்காக வெச்சிருந்தீங்க?”

அக்கா சொல்ல ஆரம்பித்தார். கார் தானாக ஓடும், ஓட்ட ஆளே தேவைப்படாது, எல்லாரும் சும்மா உட்கார்ந்துகொண்டு போவார்கள், அதனால் கார் செய்கிறவர்கள் தன்னைத் தேடி வருவார்கள். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. எதிரில் பள்ளியின் வண்டிகள் நின்றன. ‘ஒரு மாதத்தில் ஓட்டலாம் வாங்க’ என்று ஒவ்வொன்றின் முதுகிலும் எழுதியிருந்தது. தன் பேச்சைத் தானே கேட்டபோது, யாரோ முன்பின் தெரியாதவர் உளறுகிற மாதிரி இருந்தது.

“எடுத்துக்கோங்க” என்றார். இரண்டு ‘கே’ போட்டதையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்.

நாற்காலிக்காரர் பணத்தோடு ஒரு நாற்காலியையும் அனுப்பிவைத்தார். வீட்டுக்காரர் அதில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். பத்து நிமிடத்தில் குறட்டை. அக்கா மட்டும் அதில் நிம்மதியாக உட்காரவில்லை. நல்ல விலைக்கு விற்றேனா, ஏமாந்தேனா என்று யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம் பள்ளி முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஊருக்கு வெளியே கிடங்குகள் இருக்கிற பகுதியில் ஒரு கம்பெனி டிரைவர் இல்லாத காரை ஓட்டிப் பார்க்கிறதாம். சட்டப்படி உள்ளே ஒருவர் இருக்க வேண்டுமாம். ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, ஆபத்து வந்தால் மட்டும் பிரேக்கை மிதிக்க வேண்டும். பொறுமையான ஆளாக வாரத்துக்கு மூன்று நாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

“உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன், பிரேக் அக்கா. வேற யாருக்கு வரும் அது?”

“டிரைவரில்லாத வண்டிக்கு டிரைவரா சார்?”

“டிரைவர் இல்ல. சும்மா உக்காந்திருக்கணும்.”

அக்கா சரி என்றார். விஷயம் இண்டிகேட்டருக்குப் போனதும் அவர் தலையிலேயே அடித்துக்கொண்டார். “அய்யோ அக்கா! இவங்களுக்குத்தானே அந்தப் பேரு! வித்துட்டீங்களே!”

“அவங்க கேக்கலையேப்பா. கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே.”

“கேட்டிருப்பாங்கக்கா.”

“கேட்டிருப்பாங்களா?”

இண்டிகேட்டர் “தெரியலக்கா” என்றார்.

முதல் நாள் கம்பெனியின் பொறியாளர் பெண் பின் இருக்கையில் மடிக்கணினியோடு உட்கார்ந்துகொண்டாள். முன்னால் ஓட்டுநர் இருக்கையில் அக்கா. கார் புறப்பட்டது. கண்ணாடி பார் என்று கத்த வேண்டியதில்லை, அது எல்லாப் பக்கமும் பார்த்தது. திரும்பும் முன்பே விளக்குப் போட்டது, முனையில் வேகம் குறைத்தது. இருபது வருடமாகத் தொண்டை வறள அவர் யார் யாருக்கோ சொன்னதையெல்லாம் யாரும் சொல்லாமலே செய்துகொண்டு போனது. பாராட்டலாம் என்றால் யாரைப் பாராட்டுவது? அக்காவுக்கு வாய் துறுதுறுத்தது.

ஒரு கிடங்கின் வாசலில், பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் ஒன்று காற்றில் எழும்பிச் சாலைக்குக் குறுக்கே வந்தது. கார் சட்டென்று நின்றது. தாள் போகவில்லை. காரும் போகவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

“அது வெறும் பிளாஸ்டிக், போ” என்றார் அக்கா, ஸ்டியரிங்கைப் பார்த்து. அப்புறம் வெட்கப்பட்டுப் பின்னால் திரும்பினார். “காதுல விழுமா அதுக்கு?”

“விழாது மேடம்.”

தாள் பறந்ததும் கார் நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் ஓரமாக ஒரு நாய் படுத்திருந்தது. இதற்குக் காரின் வேகம் குறையவே இல்லை. அக்காவின் கால் தன்னிச்சையாக இறங்கிவிட்டது. வண்டி குலுங்கி நின்றது. நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“ஏன் மேடம் மிதிச்சீங்க?”

“நாய் இருக்கே.”

“படுத்துத்தானே இருக்கு?”

“எழுந்துட்டா?”

அந்தப் பெண் எதையோ தட்டினாள். மறுபடி நாயைப் பார்த்தாள்.

“தப்பாம்மா?” என்று கேட்டார் அக்கா. “பிளாஸ்டிக்குக்கு அது நின்னுச்சு, நாய்க்கு நான் நின்னேன். எது சரி?”

“அதைத்தான் மேடம் நாங்களும் பாத்துட்டிருக்கோம்” என்றாள் பெண். அவள் குரலிலும் பெரிய தெளிவு இல்லை. அக்காவுக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது, தானாபோவைப் புதுப்பிக்கச் சொல்லி செய்தி வந்தது. அக்கா பணத்தைக் கட்டினார். ஓட்டாதேவை விட்டுவிட்டார்.

வீட்டுக்காரர் போன் செய்தார். “எப்படிம்மா இருந்துச்சு வேலை?”

“நல்லாதாங்க இருந்துச்சு.”

“நீ ஓட்டினியா, அதுவா ஓடுச்சா?”

அக்கா யோசித்தார். வெளியே பஸ் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய், யாரோ சத்தம் போட்டதும் நின்றது.

“சரியா சொல்லத் தெரியலங்க” என்றார். “நாளான்னைக்கும் வரச் சொல்லியிருக்காங்க.”